மென்பொருள் பணியில் மனநிறைவு: கேள்வி பதில்

கேள்வி: சம்பளத்துக்குக் குறையில்லை, வசதிகளுக்கும் குறையில்லை. ஆனாலும் காலையில் மடிக்கணினியைத் திறக்கவே மனம் வருவதில்லை. குறை என்னிடம்தானா?

பதில்: நிச்சயமாக இல்லை. பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வு, சம்பளமும் வசதியும் குறைந்தால் அதிருப்தி பிறக்கும், ஆனால் அவை கூடுவதால் மட்டும் நிறைவு பிறக்காது என்று வாதிட்டது. அதைவிடக் கூர்மையான விளக்கத்தை 1979இல் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் தந்தார்: சுமை அதிகமாகவும் அதன்மீது முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் உள்ள வேலையே மனிதரை அதிகம் வாட்டுகிறது. நம் துறையில் இது அன்றாடம் நடக்கிறது. நிரல் எழுதுபவரைக் கேட்காமலேயே வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்துவிடுகிறார்கள்; பிறகு ஸ்பிரிண்ட் கூட்டத்தில் (அடுத்த சில வார வேலையைத் திட்டமிடும் கூட்டம்) மதிப்பீடு கேட்கிறார்கள்; எட்டு நாள் என்றவர் ஐந்து நாளுக்கு இறங்கி வரும்வரை அந்தக் கூட்டம் முடிவதில்லை. அந்த மூன்று நாள் அவருடைய இரவுகளிலிருந்தும் சனிக்கிழமையிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. வேலை கடினம் என்பதைவிட, தம் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதே பலரைச் சோர்வடையச் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வாரம் அறுபது மணி நேரம் உழைப்பது இத்துறையில் இயல்புதானே?

பதில்: பரவலாக இருப்பதாலேயே அது இயல்பாகிவிடாது. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன.

கேள்வி: ஆன்-கால் வாரத்தில், அதாவது சேவையில் கோளாறு என்றால் எந்நேரமும் எழுந்து கவனிக்கும் முறை வரும் வாரத்தில், தூக்கமே இல்லை. மேலாளரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: களைப்பை மட்டும் சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும், கணக்கைக் காட்டுங்கள். எந்த அலர்ட் (கோளாறைத் தெரிவிக்கும் தானியங்கி எச்சரிக்கை) எத்தனை மணிக்கு வந்தது, நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். வட்டு நிரம்புகிறது என்று அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பிவிட்டு, நான்கு மணிக்குப் பழைய பதிவுக் கோப்புகள் தாமாக நீங்கியதும் அடங்கிவிடும் அலர்ட்டுகள் பல இருக்கும். மனிதர் செய்வதற்கு எதுவுமில்லாத அலர்ட் யாரையும் எழுப்பக் கூடாது. பெரிய சேவைகளை இயக்கும் கூகுளின் எஸ்ஆர்இ குழுக்களே (சேவைகள் தடையின்றி இயங்கப் பொறுப்பேற்கும் பொறியாளர் குழுக்கள்), 12 மணி நேரப் பணிமுறைக்கு இரண்டு சம்பவங்களுக்கு மேல் தாங்காது என்றும், இயக்கப் பணி ஒருவருடைய நேரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வகுத்திருக்கின்றன. அதை எடுத்துக்காட்டிப் பேசுங்கள்.

கேள்வி: இது வெறும் சலிப்பா, பர்ன்அவுட்டா?

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-யின் 11ஆம் பதிப்பு பர்ன்அவுட்டை நோயாக அல்லாமல், தீராத பணி அழுத்தத்தின் விளைவாகவே கருதி மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போதல், வேலைமீது விலகலோ கசப்போ, தம் திறன் குன்றிவிட்டதென்ற உணர்வு. இம்மூன்றும் விடுப்பு முடிந்து திரும்பிய சில நாளிலேயே மீண்டுவந்தால், மாற வேண்டியது பணிச்சூழல்தான். தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வேலை மாறினால் புதிய இடமும் இப்படியே இருக்காது என்று எப்படி அறிவது?

பதில்: நேர்காணலில் பணிச்சூழல் எப்படி என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். கடந்த ரிலீஸின் (மென்பொருள் வெளியீட்டின்) தேதியை முடிவு செய்தவர் யார், அது தள்ளிப்போனபோது என்ன நடந்தது, கடைசியாக சேவை முடங்கியபின் எழுதிய அறிக்கை காரணத்தைத் தேடியதா, ஆளைத் தேடியதா என்று கேளுங்கள். இவற்றை மேலாளரிடம் மட்டுமல்லாமல், அக்குழுவில் நிரல் எழுதும் ஒருவரிடமும் தனியாகக் கேட்டு, இரண்டு பதில்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.