சொந்தமாகத் தளபாடம் வடிவமைக்க யோசனையை எங்கே தேடலாம்?

கதிரைப் படம் பார்த்துக் கதிரை செய்தால் ஏற்கெனவே உள்ள கதிரைதான் வரும். தளபாடம் அல்லாதவற்றைப் பாருங்கள்: மட்டக்களப்பு வாவித் தோணியின் பக்க வளைவு, மருதமுனைக் கைத்தறிச் சேலையின் கரை.

கரையை அப்படியே செதுக்க வேண்டாம், அது கடைச்சரக்காகிவிடும். கோடுகளின் அகல விகிதத்தை மட்டும் எடுங்கள். 1:2:5 என்றிருந்தால் வாங்கின் சாய்மானச் சட்டங்களை அரை, ஒன்று, இரண்டரை அங்குலமாக அறுக்கலாம்.

தோணி வளைவுதான் ஆளைச் சோதிக்கும். மெல்லிய மூங்கில் சிம்பை ஆணிகளுக்கிடையே வளைத்துக் கோடு போடுங்கள். அந்த வளைவை நேர்ப்பலகையிலிருந்து அறுத்தெடுத்தால், நார் குறுக்கே வெட்டுப்படும் இடத்தில் பாரம் ஏறியதும் முறியும். அதனால் 3 மில்லிமீற்றர் கனக் கீற்றுகள் ஆறேழுக்குப் பசை பூசி, அந்தக் கோட்டின்படி செய்த அச்சில் இறுக்கி ஒரு நாள் விடுங்கள். கழற்றியதும் சற்று நிமிரும். அச்சை முன்கூட்டியே கொஞ்சம் கூடுதலாக வளைத்துச் செய்யுங்கள்.

இருக்கை உயரம் 17–18 அங்குலம், ஆழம் 16–17. இதில் புதுமை வேண்டாம், முழங்கால் மன்னிக்காது.

தேக்கில் வாள் வைக்கமுன் ஐந்திலொரு பங்கு அளவில் மட்டை மாதிரி செய்யுங்கள் (18 அங்குலம் 3.6 ஆகும்). கால் தடிப்பா மெலிவா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அலுமாரிக் கதவில் 12 அங்குலப் பலகை வைத்தால் சட்டக் காடிக்குள் (பலகை செருகும் பள்ளம்) அரைக்கால் (1/8) அங்குலம் இடம் விடுங்கள், காடிக்குள் பசை போடாதீர்கள். ஈரத்தில் பலகை விரியும்; கோடையில் இறுக்கிச் செய்த கதவு மார்கழி மழைக்குத் திறக்காது.