ரோடு போடுவதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? எல்லைப்புற வாசகர்களின் கேள்விகள்

தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி "எங்கள் ரோடு எப்போது வரும்?" என்பதுதான். தேதி சொல்ல என்னால் முடியாது. முடிவு எந்த இடத்தில் எடுக்கப்படுகிறது என்று சொல்ல முடியும்.

எங்கள் சாலையில் காலை, மாலை நகரவே முடியவில்லை. எத்தனை வண்டி ஓடினால் நான்கு வழியாக்குவார்கள்? (விசைத்தறி வைத்திருப்பவர், நகரி)

வண்டிகளைத் தலைக்கு ஒன்றாக எண்ணுவதில்லை. எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். அதற்குப் பெயர் பி.சி.யூ. சாலைகளுக்கான பொறியியல் அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் தந்த அட்டவணையில் காரும் ஆட்டோவும் 1, பைக் அரை, பஸ்ஸும் லாரியும் 3. டிரெய்லர் கட்டிய டிராக்டர் நாலரை. மாட்டு வண்டிக்கு 8! அதாவது கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர் ஒன்பது பைக்குக்குச் சமம். சமவெளியில் இருவழிச் சாலை நாளுக்கு 15,000 பி.சி.யூ. தாங்கும் என்பது அந்தக் காங்கிரஸின் பழைய கையேட்டில் உள்ள அளவு. மலைப்பாதை என்றால் அதில் பாதிகூடக் கிடையாது. இன்று 12,000 ஓடுகிறது, ஆண்டுக்கு 5 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஐந்தாவது வருடம் 15,000-ஐத் தாண்டிவிடும். திட்டம் தீட்டி, நிலம் எடுத்து, தார் போட்டு முடிக்க அவ்வளவு காலம் ஆகும் என்பதால் இன்றைய எண்ணிக்கையோடு அன்றைய எண்ணிக்கையையும் பார்ப்பார்கள்.

எல்லாம் சரி, எண்ணுவது எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏழு நாள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும். அறுவடை, சந்தை மும்முரத்தில் ஒருமுறை, மந்தமான காலத்தில் ஒருமுறை என்பது வழிமுறை. நம் பக்கத்தில் ஜூன், ஜூலையில் மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அப்புறம் கரும்பு வெட்டு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, புரட்டாசியில் திருப்பதி. திருவிழா வாரத்தில் எண்ணினால் கணக்கு வீங்கும், மழை மாதத்தில் மட்டும் எண்ணினால் சுருங்கும். மரத்தடியில் நாற்காலி போட்டு, நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடும் பையன் ராத்திரி ரெண்டு மணிக்குக் கண் அசந்தால், ஜல்லி லாரிகள் கணக்கிலேயே ஏறாது. இப்போது கேமரா வைத்தும் எண்ணுகிறார்கள். எதுவானாலும், கணக்கெடுப்பு நடந்த தேதிகளையும் இடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். நூறு கையெழுத்து போட்ட மனுவைவிட அந்த ஒரு தாள் பேசும்.

"பொருளாதாரப் பலன் போதாது" என்று எங்கள் சாலையைத் தள்ளிவிட்டார்களாம். ரோடு என்ன வியாபாரமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், புத்தூர்)

வியாபார லாபம் வேறு, இது வேறு. சுங்கத்தில் எவ்வளவு வசூலாகும் என்பது நிதிக் கணக்கு. நீங்கள் சொல்வது பொருளாதாரக் கணக்கு. ரோடு நன்றாக இருந்தால் டீசல், டயர், ரிப்பேர் செலவு எவ்வளவு மிச்சம், பயணிகளின் நேரம் எவ்வளவு மிச்சம், விபத்து எவ்வளவு குறையும் என்று ஒவ்வொன்றையும் ரூபாயாக்கி, கட்டும் செலவோடும் பராமரிப்போடும் வைத்துப் பார்ப்பார்கள். உலக வங்கியின் உதவியோடு உருவான எச்.டி.எம்.-4 என்ற மென்பொருள் இதற்கு உண்டு. வருடத்துக்கு 12 சதவீதப் பலன் என்பது நம் நாட்டில் வெகுகாலமாக வைத்திருக்கும் தேர்ச்சிக் கோடு.

இந்த முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மிச்சமாவதெல்லாம் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ரோடு மோசம் என்பதால் வண்டி வராது, வண்டி வராததால் பலன் இல்லை, பலன் இல்லாததால் ரோடு இல்லை. சுற்றுவழியில் போகும் வண்டிகளையும், ரோடு வந்தபின் புதிதாய்க் கிளம்பும் வண்டிகளையும் சேர்த்தால்தான் இந்தச் சக்கரம் உடையும். உங்கள் சாலையின் அறிக்கையில் அவற்றைச் சேர்த்தார்களா என்று பாருங்கள்.

இன்னொன்று. நான்கு வழி தள்ளுபடியானால் எல்லாமே போயிற்று என்று அர்த்தமில்லை. ஒரு புறவழிச்சாலை, ஒரு கூட்டு ரோட்டைச் சீர்செய்வது, தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாக்குவது, ஓரங்களைத் தார் போட்டு அகலப்படுத்துவது எல்லாமே மேம்பாடுதான். கடைத்தெருவில் நெரிசல் என்றால் முப்பது கிலோமீட்டரை அகலப்படுத்தி என்ன பயன்? நெரிசல் கடைத்தெருவில்தான் இருக்கும்.

பழைய ரோடு இருக்கும்போது எங்கள் நஞ்சை வழியாகப் புது ரோடு ஏன்? (விவசாயி, ஊத்துக்கோட்டை வட்டம்)

சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலையைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழைய ரோட்டை அகலப்படுத்தினால் இரண்டு பக்கமும் வீடு, கடை, கோயில் என்று இடிக்க வேண்டும். அகலப்படுத்திய பிறகும் ஆளாளுக்கு அதில் ஏறி இறங்குவார்கள், லாரி வேகம் போகாது. வயல்வெளியில் போட்டால் நேராகப் போடலாம், ஏறும் இடத்தைக் கட்டுப்படுத்தலாம். 2017-இல் ஒப்புதலான பாரத்மாலா என்ற மத்திய அரசின் நெடுஞ்சாலைத் திட்டம் இந்தப் போக்கை வேகப்படுத்தியது. பொறியியல் கணக்கில் இது நியாயமே. ஏரிப் பாசனம் துண்டாவது, நடுவில் ரோடு வந்து நிலம் இரண்டாகப் பிரிவது, இந்தப் பக்கத்து மாடு அந்தப் பக்கம் போக முடியாமல் ஆவது இவையெல்லாம் அந்தக் கணக்கில் மெலிந்துதான் வருகின்றன.

உங்கள் கையில் இருப்பது கால அவகாசம். 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ அறிவிக்கை, அதாவது நிலம் எடுக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு, வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதித் தர வேண்டும். "நிலம் தரமாட்டேன்" என்று மட்டும் எழுதினால் ஒரு வரியில் நிராகரித்துவிடுவார்கள். எந்தச் சர்வே எண், எந்த வாய்க்கால், எத்தனை மீட்டர் நகர்த்தினால் கிணறு தப்பும், எந்த இடத்தில் சுரங்கப்பாதை வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்து நிலம் எடுப்பதை உறுதிசெய்யும் 3டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுடையது. பிறகு இழப்பீட்டுத் தொகையைப் பற்றித்தான் பேச முடியும். 3ஏ வந்து ஒரு வருடத்துக்குள் 3டி வராவிட்டால் அந்த அறிவிக்கை காலாவதி. நீதிமன்றத் தடை இருந்த காலம் இதில் சேராது.

எம்.பி.யிடம் மனு கொடுத்தால் பலன் உண்டா? (பள்ளிப்பட்டு)

உண்டு, ஆனால் ஆரம்பத்தில்தான். மாநிலச் சாலையைத் தேசிய நெடுஞ்சாலையாக்க மாநில அரசின் பரிந்துரையோடு போனால் எடை கூடும். விரிவான திட்ட அறிக்கை முடிந்தபின் கொடுத்த மனு பெரும்பாலும் கோப்பில் தூங்கும்.

தமிழ்நாட்டுப் பக்கம் வழுவழுப்பு, எல்லையைத் தாண்டினால் பள்ளம். ஒரே ரோடுதானே? (வேன் ஓட்டுநர், சத்தியவேடு)

மாநிலச் சாலை என்றால் ஒரே ரோடு இல்லை, இரண்டு ரோடு. தமிழ்நாட்டுப் பக்கம் நெடுஞ்சாலைத்துறை, ஆந்திரப் பக்கம் ஆர் அண்ட் பி எனப்படும் சாலைகள், கட்டடங்கள் துறை. பட்ஜெட்டும் வேறு, முன்னுரிமைப் பட்டியலும் வேறு. இதற்கென்றே மத்தியச் சாலை, உள்கட்டமைப்பு நிதியில் மாநிலங்களை இணைக்கும் சாலைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பெட்ரோல், டீசல் மீதான செஸ்ஸிலிருந்து வரும் பணம் அது. முன்மொழிவை அனுப்ப வேண்டியது அந்தந்த மாநிலம். எனவே மனுவைச் சென்னைக்கு அனுப்பிப் பயனில்லை, ஆந்திர ஆர் அண்ட் பி-க்குப் போகட்டும்.

அகலப்படுத்தினால் சுங்கச்சாவடி வந்துவிடுமே? (நகரி)

தேசிய நெடுஞ்சாலை என்றால் வர வாய்ப்புண்டு. 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரே திசையில் 60 கிலோமீட்டருக்குள் இரண்டாவது சாவடி பொதுவாகக் கூடாது, விதிவிலக்குகள் உண்டு. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருந்து, வாடகைக்கு ஓடாத சொந்த வண்டி வைத்திருந்தால் மாதப் பாஸ் கேட்கலாம். ஆர்.சி.யும் முகவரிச் சான்றும் எடுத்துக்கொண்டு போங்கள்.