சேற்றில் கிடைத்தது முறுக்கிய பாரமீசியமா?

பள்ளியில் விலங்கியல் நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: "குளத்தடிக் கறுப்புச் சேற்றைப் பாட்டிலில் எடுத்து வந்தேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பாரமீசியம் அளவில், ஆனால் துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு ஒன்று நீந்துகிறது. கொஞ்ச நேரத்தில் உப்பிச் செத்துவிடுகிறது. இது அடிபட்ட பாரமீசியமா? மாணவர்களுக்குக் காட்டும்வரை எப்படி உயிரோடு வைப்பது?"

அடிபட்டதில்லை, அதன் உடம்பே அப்படித்தான். சேறு அழுகிய முட்டை வாடை அடித்திருக்குமே? அங்கே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்று அர்த்தம். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு, பாரமீசியம் போலவே ஒற்றைச் செல் உயிரியான மெட்டோபஸ் நன்றாகப் பொருந்துகிறது. உடலின் முன்பகுதி திண்ணைக்கு மேல் சாய்ந்த கூரை மாதிரி ஒரு பக்கமாகப் புரண்டு நிற்கும். அந்தக் கூரையின் விளிம்பில் நெருக்கமாக, பெரும்பாலும் ஐந்து வரிசைக் குறுயிழைகள் (அசையும் நுண்மயிர்கள்) ஓடும். அதற்குக் கீழே வாயை நோக்கிச் சுற்றி இறங்கும் இன்னொரு இழைப்பட்டை. இரண்டும் சேர்ந்து பாக்டீரியாவை வாய்க்கு வாரித் தள்ளுகின்றன. பின்முனையில் சுருங்கும் நுண்குமிழ் ஒன்று மெதுவாக நிரம்பிக் காலியாவதையும் பாருங்கள், பொறுமை இருந்தால்.

சரி, பாரமீசியத்துக்குச் சொந்தமா? தூரத்துச் சொந்தம்தான். வாயோர இழைப்பட்டையைப் பார்த்து மெட்டோபஸை ஸ்பைரோஸ்டோமம், பிளெஃபரிஸ்மா என்ற வேறு சிலியேட்டுகளின் (குறுயிழை கொண்ட ஒற்றைச் செல் உயிரிகளின்) பக்கத்தில் வகைப்படுத்தி வைத்திருந்த காலம் உண்டு. ரைபோசோம் மரபணுவை ஒப்பிட்டபோதுதான் அது வேறு கிளை என்று தெரிந்தது, இப்போது ஆர்மோஃபோரியா என்ற வகுப்பில் இருக்கிறது. பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: ஆக்சிஜன் இல்லாமல் வாழும் சிலியேட்டுகள் எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடுகிறோம். 1995-இல் ஆய்வாளர் எம்ப்ளி குழுவினர் மரபணு வரிசைகளை வைத்துக் காட்டியது, காற்றில் வாழ்ந்த வெவ்வேறு சிலியேட் கிளைகள் தனித்தனியாக இந்த வாழ்க்கைக்கு இறங்கியிருக்கின்றன என்பதை. மாட்டின் இரைப்பையில் கூட்டமாகத் திரியும் என்டோடினியம் வேறொரு கிளை.

மெட்டோபஸின் நெருங்கிய பங்காளி நம் வீட்டிலேயே இருக்கிறது: கரப்பான் பூச்சியின் பின்குடலில் வாழும் நிக்டோதீரஸ். கல்லூரி பிராக்டிகலில் எத்தனை கரப்பான் அறுத்திருப்போம், அந்தக் குடலைப் பிரித்துப் பார்க்காமலே தூக்கி எறிந்தோம்! மெட்டோபஸ், நிக்டோதீரஸ் இரண்டிலும் மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பின்) இடத்தில் ஹைட்ரஜனோசோம் என்ற உறுப்பு இருக்கும். ஆக்சிஜன் இல்லாமலே கொஞ்சம் ஆற்றல் எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனைக் கழிவாக விடும். செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் மெத்தனோஜென்கள் என்ற நுண்ணுயிர்கள் அதை வாங்கி மீத்தேன் ஆக்கிவிடும். நிக்டோதீரஸின் ஹைட்ரஜனோசோமுக்குள் டி.என்.ஏ.கூட மிச்சம் இருக்கிறது, அதுவும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களோடு. ஆக, மைட்டோகாண்ட்ரியாதான் வேலை மாறி இப்படி ஆனது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஒளிர்வு மைக்ரோஸ்கோப் கைக்கு எட்டினால் 420 நானோமீட்டர் ஒளியில் பாருங்கள், உள்ளே இருக்கும் மெத்தனோஜென்கள் நீலப்பச்சையாக மின்னும்.

இனி உயிரோடு வைக்கும் விஷயம். ஸ்லைடில் அது உப்பிச் சாவது ஆக்சிஜன் ஒத்துக்கொள்ளாததால்தான் இருக்கும். பாட்டிலில் காற்றுக்கே இடம் விடாமல் அதே குளத்துத் தண்ணீரால் வாய்வரை நிரப்பி மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம், பாசி வளர்ந்து ஆக்சிஜன் விட ஆரம்பித்துவிடும். பாட்டிலைக் குலுக்காமல், சேற்றை ஒட்டிய தண்ணீரைப் பிப்பெட்டில் எடுத்து, அதோடு துளி சேறும் ஸ்லைடில் விழட்டும். அதிலுள்ள பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனைத் தின்றுவிடும். கவர்ஸ்லிப்பை மூடி நான்கு ஓரத்திலும் வாஸ்லின் தடவுங்கள். ஓரத்தில் தேடாதீர்கள், நடுப்பகுதியில் பாருங்கள், காற்று வந்து சேரக் கடைசியாகும் இடம் அதுதான். அப்புறம், முறுக்கே இல்லாமல் பக்கவாட்டில் நசுங்கி, பின்முனையில் முட்களோடு ஒன்று வந்தால் அது சாப்ரோடினியம் என்ற இன்னொரு சிலியேட் வகையாக இருக்கலாம். படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.