கொந்தளிக்கும் நீரில் பெருஞ்சுழற்சி ஏன் ஊசலாடுகிறது?

அடியில் சூடும் மேலே குளிர்ச்சியுமாக வைத்த உருளைப் பாத்திரத்தில் நீர் தாறுமாறாகக் கொந்தளிக்கும். ஆனாலும் சூடான நீர் ஒரு பக்கம் ஏறி, ஆறியது எதிர்ப்பக்கம் இறங்க, பாத்திரம் முழுவதற்கும் ஒரே பெரிய சுழற்சி அமைந்துவிடும். 1981-இல் ரூபி கிருஷ்ணமூர்த்தியும் லூயிஸ் ஹோவர்டும் ஆய்வகத்தில் இத்தகைய ஓட்டத்தைக் கண்டார்கள்.

சரி, அது ஏன் ஆடுகிறது? சிறு கொந்தளிப்புகள் சுழற்சியை நடுவிலிருந்து விலக்குகின்றன. வளைந்த சுவர் திரும்பத் தள்ளுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதன் முறுக்கம்தான். ஈரத்துணியைப் பிழியும்போது ஒரு கை இப்படியும் மறு கை அப்படியும் திரும்புமே, அதுபோல மேலே ஓட்டம் ஒருபுறம் திரும்பினால் கீழே எதிர்ப்புறம் திரும்பும். அப்புறம் இரண்டும் மாறிக்கொள்ளும்.

சூடு கூடிக் குறைவதால்தான் இந்த ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டைத் துளியும் மாற்றாமல் வைத்திருந்தாலும் அது நிற்பதில்லை.