லேப்டாப்பில் ராம் ஏற்ற முடியவில்லை, நகையை அடகு வைத்துப் புதுசு வாங்கலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன் சார். கல்யாண ஆல்பம் டிசைனிங்தான் முக்கிய வருமானம். மூன்று வருஷத்துக்கு முன்னால் 62,000 ரூபாய்க்கு 8 ஜிபி ராம் (நினைவகம்) உள்ள லேப்டாப் வாங்கினேன். தேவைப்பட்டால் பிறகு ராம் ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் கடையில் சொன்னார்கள். இப்போது சர்வீஸில் கொடுத்தால், ராம் மதர்போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட வழியில்லை என்கிறார்கள். போன மாதம் ஒரு 27 இன்ச் மானிட்டர் வாங்கினேன். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட் கெட்டுப்போனதால் 2,800 ரூபாய்க்கு, டைப்-சி போர்ட்டில் செருகி எச்டிஎம்ஐ எடுக்கிற ஹப் ஒன்று வாங்கி மாட்டினேன், அதிலும் படம் வரவில்லை. 96,000 ரூபாயில் புது லேப்டாப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கையில் 35,000 இருக்கிறது. மனைவி நகையை அடகு வைக்கலாமா, வட்டியில்லாத் தவணை என்கிற நோ காஸ்ட் இஎம்ஐ-யில் போகலாமா?

பதில்: ரெண்டும் வேண்டாம் தம்பி. அந்த லேப்டாப்பே உங்களுக்கு வேண்டாம் என்பேன்.

முதலில் பழைய கணக்கைப் பாருங்கள். 62,000 ரூபாயை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,700-க்கு மேல் வருகிறது. நீங்கள் அறியாமலே கட்டிக்கொண்டிருந்த வாடகை அது. 96,000 ரூபாய் மெஷினும் இதேபோல ராம் பற்றவைத்ததாக இருந்து மூன்று வருஷத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தால் வாடகை மாதம் 2,600-ஐத் தாண்டும், அப்புறம் மறுபடியும் இதே கேள்வியோடு நிற்பீர்கள். மெல்லிசான லேப்டாப்களில் பாதிக்கு மேல் இப்போது இப்படித்தானோ என்று தோன்றுகிற அளவுக்கு இந்தப் புகார் எனக்கு வருகிறது. ஒரு பாகம் போதவில்லை என்றால் முழு மெஷினையும் மாற்று என்பது உழைத்துச் சம்பாதிக்கிறவனுக்குச் செய்கிற அநியாயம், எனக்கு இதில் கோபம் உண்டு.

நோ காஸ்ட் இஎம்ஐ-யில் காஸ்ட் இருக்கிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. மாதம் 8,000 வீதம் 12 மாதம் என்றால், 15 சதவீத வட்டிக்கு வங்கி உண்மையில் உங்களுக்குத் தருகிற கடன் 88,600 ரூபாய் அளவுதான், மீதி சுமார் 7,400 வட்டி. அந்த வட்டியைக் கடைக்காரரோ கம்பெனியோ தள்ளுபடியாகக் காட்டுவார்கள். ஆனால் வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 1,300 ரூபாய், உங்கள் கையிலிருந்து போகும். பிராசஸிங் கட்டணம் தனி. ரொக்கம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போச்சு. இதைவிடப் பெரிய சங்கடம், உங்கள் தொழிலில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, தவக்காலத்தில் தேவாலயங்களிலும் இல்லை. தவணைத் தேதிக்கு இதெல்லாம் தெரியாது.

நகையை வங்கியில் வைத்து ஒன்பதரை சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டாலும் 96,000-க்கு வருஷம் 9,120 ரூபாய். வாங்கின மறுநாளே விலை இறங்குகிற பொருளுக்காக நகையைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? நீங்கள் ஆல்பம் செய்வது ஸ்டுடியோ மேஜையில் உட்கார்ந்துதானே. மானிட்டரும் வாங்கியாகிவிட்டது. அப்படியானால் உங்களுக்கு வேண்டியது பாகங்களைச் சேர்த்து அசெம்பிள் செய்த ஒரு சிபியு, அதாவது மேஜைக் கணினிப் பெட்டி மட்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இரண்டு மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். ராம் செருகுகிற ஸ்லாட் நான்கு உள்ள மதர்போர்டு கேளுங்கள், இப்போது 16 ஜிபி போட்டால் போதும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடக்கிறது, அதனால் 32 ஜிபிக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம், ஸ்லாட் காலியாக இருந்தால் பிறகு போடலாம். போர்டு எந்த வகை ராமுக்கானது, டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்றுக்குள் மற்றது இறங்காது. செகண்ட் ஹேண்ட் சிபியு மலிவாக வருகிறதென்று ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் உள்ள எதையும் எடுத்துவிடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி அவற்றில் ஏறாது. ஐப்பசி மழையில் கரண்ட் போகும், அதனால் யுபிஎஸ் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இதற்கு 35,000 பத்தாமல் போகலாம். ஆல்பம் ரெடியாகி, மீதிப் பணம் கொடுத்து வாங்கிப் போகாமல் எத்தனை பார்ட்டி பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். துண்டு விழுகிற பத்து பதினைந்தாயிரம் அங்கே கிடக்கும் என்பது என் ஊகம். பழைய லேப்டாப்பை விற்க வேண்டாம், கல்யாண வீட்டில் கேமராவின் மெமரி கார்டைக் காப்பி பண்ண அது தாராளம். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஸ்டுடியோ பெயரிலேயே பில் போடுங்கள், கொடுத்த ஜிஎஸ்டியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிற உள்ளீட்டு வரிக் கழிவு கிடைக்கும்.

இனி எதை வாங்கினாலும், கேமரா வாங்குகிற கண்ணோடு பாருங்கள் தம்பி. 2018-ல் கேனன் ஆர்எஃப் மவுண்ட், நிக்கான் இசட் மவுண்ட் என்று லென்ஸ் மாட்டுகிற வாயே புதிதாக வந்தபோது, கையிலிருக்கிற லென்ஸுக்கு அடாப்டர் வாங்க வேண்டுமா என்றுதானே உங்கள் ஆட்கள் முதலில் கேட்டார்கள்? டைப்-சி விஷயத்தில் அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. ஐபோனே 2023-ல் டைப்-சிக்கு வந்துவிட்டது, ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் போனுக்கெல்லாம் அதுதான் கட்டாயம், இனி எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். துளையின் வடிவம்தான் ஒன்று. சில போர்ட்டில் டேட்டாவும் சார்ஜும் மட்டும் போகும், படத்தையும் அனுப்புகிற டிஸ்ப்ளே போர்ட் வசதி உள்ளதில்தான் இந்த மாதிரி ஹப் வழியாகப் படம் வரும். உங்கள் லேப்டாப்பில் அது இல்லை என்று நினைக்கிறேன், அப்படியானால் ஹப் மேல் குற்றமில்லை.

பழைய லேப்டாப்பைப் பற்றிப் புகார் கொடுக்கலாமா என்றும் மனதில் இருக்கும். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷக் காலக்கெடு, உங்களுக்கு மூன்று வருஷம் ஆகிவிட்டது, ராம் ஏற்றலாம் என்று எழுத்திலும் இல்லை. அதை விட்டுவிடுங்கள். புது சிபியு பில்லில் போர்டு மாடல், எத்தனை ஸ்லாட், எவ்வளவு ராம் வரை ஏற்றலாம் என்பதைக் கடைக்காரரையே எழுதச் சொல்லுங்கள். ஹப் விஷயம் வேறு. பெட்டியில் எல்லா டைப்-சி லேப்டாப்பிலும் படம் வரும் என்று அச்சடித்திருந்தால் பில்லோடு கொண்டுபோய் 2,800 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாமல் இந்த வாரமே போங்கள்.