கோடியக்கரைக்குக் குடும்பத்தோடு: எப்போது, எந்த வரிசையில், எவ்வளவு தள்ளி நின்று

திருச்சி வாசகி ஒருவரின் கேள்வி: "பொங்கல் விடுமுறையில் கோடியக்கரை போக நினைக்கிறோம். எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். காரில் காலையில் கிளம்பி பூநாரை, மான், கடற்கரை மூன்றையும் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிட முடியுமா? கடலில் குளிக்கலாமா?"

இரவே திரும்புவதென்றால் காருக்குள் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகமாக இருக்கும். தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சேரவே ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகிவிடும். அங்கிருந்து கோடியக்கரை இன்னும் 11 கிலோமீட்டர் சொச்சம். விடியற்காலையில் கிளம்பினாலும் வெயில் ஏறிய பிறகுதான் போய் நிற்பீர்கள். அந்த நேரத்தில் மான்கள் நிழலுக்கு ஒதுங்கியிருக்கும். சதுப்பின் மேல் கானல் ஆடும்; நல்ல பைனாகுலர் இருந்தாலும் பறவையின் உருவம் நெளியும். அதனால் ஒரு இரவு தங்குங்கள். வேதாரண்யத்தில் சாதாரண லாட்ஜுகள் உண்டு. கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. அறைகள் குறைவு, முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

பயணத் தேதியையும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வேன். பொங்கல் நாட்களில் கூட்டமும் வண்டிச் சத்தமும் அதிகம். அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில், ஜனவரி நடுவிலும் சதுப்பில் தண்ணீர் நிறைந்து நிற்கும். பூநாரைக்குக் கால் நீளம், ஓரளவு ஆழத்திலும் நின்று மேயும். கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைக்கு அப்படி முடியாது. சேறு தெரிகிற அளவுக்கு மெல்லிய தண்ணீர்தான் அதற்கு இரை தேடும் இடம். மழை ஓய்ந்து தண்ணீர் வடிய வடிய இந்த மேய்ச்சல் இடம் விரிந்துகொண்டே வரும். இங்கே கடலின் ஏற்றவற்றம் பெரிதில்லை, காற்றும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து போடும். எனவே நேற்றுப் பறவை இருந்த இடத்தில் இன்றும் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ ஒரு சனி, ஞாயிறு கிடைத்தால் அதுதான் என் தேர்வு. கிளம்பும் முன் வனச்சரக அலுவலகத்தில் பேசி, சதுப்பில் தண்ணீர் எப்படி, எந்தப் பக்கம் பறவை இருக்கிறது, வண்டியை எதுவரை விடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாருக்காக இந்தக் கடைசிக் கேள்வியை அவசியம் கேளுங்கள்.

வரிசை எப்படி? முதல் நாள் மாலை காடு, மறுநாள் காலை சதுப்பு. இதற்குக் காரணம் வெளிச்சம். வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, சாலைக்கு மேற்கே முத்துப்பேட்டை வரைக்கும் விரிந்து கிடக்கிறது. காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், பூநாரையின் இளஞ்சிவப்பு அப்படியே தெரியும். மாலையில் போனால் வெறும் கறுப்பு உருவங்கள்தான்.

மாலையில் காட்டுக்குள் போகும்போது வெளிமானைப் புல்வெளியில் தேடுங்கள், புள்ளிமானை மரங்களுக்கிடையே தேடுங்கள். இந்தச் சரணாலயத்தை 1967இல் அறிவித்ததில் வெளிமானுக்குப் பெரிய பங்கு உண்டு. முறுக்குக் கொம்பு ஆணுக்கு மட்டும்தான். வளர்ந்த ஆணின் முதுகு கருத்திருக்கும், பெட்டை வெளிர்பழுப்பு. நடுவில் குதிரைகளும் மேயும். அவை ஒரு காலத்தில் மனிதர் வளர்த்தவற்றின் வழிவந்து காட்டில் திரிபவை. மானுக்குரிய புல்லில் பங்கு கேட்பவை. சுற்றிலும் நிற்பது உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரமும் நாவலும் தழைத்த இந்தக் காட்டுவகை கிழக்குக் கரையில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இங்கே ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அந்த இடைவெளிகளில் சீமைக்கருவேல் புகுந்துவிடுமோ என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. மாமியாரை ராமர் பாதத்துக்கு அழைத்துப் போங்கள். கோடியக்கரையில் உயரமான மணல்மேடு அதுதான். அதிகம் நடக்காமலே காட்டைப் பார்த்தபடி உட்காரலாம். குரங்குகள் கையிலிருப்பதைப் பிடுங்கும், சாப்பாட்டுப் பையை வெளியே எடுக்காதீர்கள்.

சதுப்பில் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லி வையுங்கள்: பறவை தலையைத் தூக்கிப் பார்த்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான். ஆர்க்டிக் கரையிலிருந்து வந்த அந்தக் குருவி, வசந்தத்தில் திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இங்கே தின்றுதான் சேர்க்க வேண்டும். படம் எடுப்பதற்காகக் கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அது சேர்த்தது கரைகிறது. டிரோன் கொண்டு வரவே வேண்டாம். காலில் வளையமோ வண்ணப் பட்டையோ உள்ள பறவை கண்ணில் பட்டால் நிறம், எழுத்து, எந்தக் கால், தேதி, இடம் எல்லாம் குறித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். உங்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது மிகவும் பிடிக்கும்.

கடலில் குளிக்க வேண்டாம். இது அதற்கான கரை இல்லை. பல இடங்களில் கால் சேற்றில் புதையும், உயிர்காக்கும் ஆட்களும் இல்லை. காலையில் மணலில் நடக்கலாம், சிப்பி பார்க்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர் மீனவர்களும் வந்து தங்கித் தொழில் செய்யும் சீசன். கரையேறும் மீனைப் பார்க்க ஆசையிருந்தால் ஒதுங்கி நின்று பாருங்கள், வலையை மிதிக்காதீர்கள். சித்தாமை முட்டையிட வருவதும் இந்தச் சீசனின் பிற்பகுதியில்தான். இருட்டிய பிறகு டார்ச்சோ செல்போன் வெளிச்சமோ அடித்துக்கொண்டு கரைக்குப் போக வேண்டாம். வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை இதோடு சேர்க்காதீர்கள். படகில் போக வேண்டிய இடம், அதற்குத் தனி அனுமதி, தனி நாள்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள்: முழுக்கால் சட்டை, சேற்றுக்கு ஏற்ற செருப்பு, கொசு மருந்து, குடிதண்ணீர். சாப்பாட்டை வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் உப்பு சத்தியாக்கிரக ஊர்வலம் உங்கள் திருச்சியில் புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் அது. நினைவுத் தூண் இருக்கிறது, பக்கத்திலேயே இன்றும் உப்பளங்கள்.