மாமனாரின் மொரிஸ் மைனரை விற்கச் சொல்லலாமா?

கேள்வி: என் மாமனார் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த காலத்தில் வாங்கிய மொரிஸ் மைனர் கார் இப்போது என் கணவரிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவருடைய தலை அதன் பொனட்டுக்குள்தான். சென்ற மாதம் மாமியாரைக் கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போது, றம்பொடை ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து, இருட்டும்வரை பிள்ளைகளோடு பாதையோரத்தில் நின்றோம். ஆறிய பிறகும் வண்டி ஓடவில்லை. ஸ்குரூ டிரைவரின் பிடியால் எதையோ தட்டினார், ஓடியது. இறக்கத்தில் பிரேக் பெடல் ஆழமாகப் போவதைக் கேட்டால், “பழைய கார் அப்படித்தான்” என்கிறார். செலவையும் மறைக்கிறார். விற்றுவிடுங்கள் என்று சொன்னால் இரண்டு நாட்களுக்குப் பேச்சே இல்லை. நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, கந்தப்பளை

பதில்: அன்புச் சகோதரி, றம்பொடையில் நின்ற கதையை விரிவாக எழுதிவிட்டு, பிரேக் பெடல் ஆழமாகப் போவதை ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகப் படுகிறது. வழியில் நின்றுபோகும் காரால் ஒரு மாலைப்பொழுது வீணாகும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத காரால் குடும்பமே போய்விடும். ஆகவே விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்விக்கு வருமுன் அந்தப் பெடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியை உங்கள் கணவரும் படிக்கட்டும்.

மொரிஸ் மைனருக்கு நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக்தான்; சில்லோடு சுற்றும் டிரம் என்ற வட்டக் கூட்டின் உட்புறத்தை, பெடலை மிதித்ததும் பிரேக் கட்டைகள் விரிந்து உரசி நிறுத்தும். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால், ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தை அந்தச் சிறிய டிரம்களை நம்பித்தான் இறங்குகிறீர்கள். மிதித்த காலை எடுக்காமல் இறங்கினால் டிரம் சூடேறி விரியும். அது விரிந்த அளவுக்குப் பெடலும் தாழும். அதைவிட மோசமானது பிரேக் எண்ணெயின் நிலைமை. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்வது அதன் இயல்பு; கந்தப்பளையில் ஈரத்துக்கா பஞ்சம்? ஈரம் சேர்ந்த எண்ணெய் குறைந்த சூட்டிலேயே கொதித்து, குழாய்க்குள் ஆவிக்குமிழிகளை உண்டாக்கிவிடும். அப்போது பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. இந்தக் காரில் எண்ணெய் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் பொனட்டுக்குள் இல்லை என்பதையும் கவனியுங்கள். அது சாரதியின் காலடியில், விரிப்பைத் தூக்கி ஒரு சிறு தகட்டைக் கழற்றினால்தான் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. ஞாயிறு முழுவதும் பொனட்டுக்குள் தலையை வைத்திருக்கும் ஒருவர், அதை வருடக்கணக்காகத் திறந்தே பாராமல் இருந்துவிட முடியும். நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான் என்பதால், எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. “பழைய கார் அப்படித்தான்” என்பது இதற்குப் பதிலாகாது. புதிதாக இருந்தபோதும் இது மலை இறங்கிய கார்தான். ஹோஸ்களையும் சிலிண்டர்களின் ரப்பர்களையும் மாற்றி, பழைய எண்ணெயை முழுவதும் வெளியேற்றிப் புதியதை நிரப்பி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவர வேண்டும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று லொறிச் சாரதிகள் சொல்வது இந்தக் காருக்கும் பொருந்தும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. முன் சில்லைத் தாங்கி, ஸ்டியரிங்கோடு திரும்புகிற மரையிட்ட மூட்டு ஒன்று கீழே இருக்கிறது, டிரனியன் என்பார்கள். அதற்கு ஏறக்குறைய ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் பிடிவிட்டு, சில்லு அப்படியே மட்கார்டுக்கு அடியில் மடங்கிவிடும். மைனர் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறை இது. பெரும்பாலும் மெதுவாக, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போதே இது நடப்பதால் பலர் உயிர் தப்பியிருக்கிறார்கள். ஆனால் நம்முடைய கொண்டை ஊசி வளைவுகளில் அப்படித்தானே திருப்புகிறோம், பக்கத்தில் பள்ளத்தை வைத்துக்கொண்டு? பிரேக்கும் டிரனியனும் சரியென்று நல்ல மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை பிள்ளைகள் அந்தக் காரில் ஏற வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், இரண்டு நாட்கள் அல்ல, இருபது நாட்கள் பேசாமல் இருந்தாலும் சரி.

மற்றக் குற்றச்சாட்டுகளில் காருக்காகவும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அழுத்தத்தைக் கட்டிவைத்து அந்தக் கொதிநிலையை உயர்த்துவது அதன் மூடியிலுள்ள ஸ்பிரிங்கும் ரப்பரும்தான். அந்த ரப்பர் காய்ந்துபோயிருந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் ஏற்றத்தில் கொதிக்கத்தான் செய்யும். சேறடைத்த ரேடியேட்டரும் தளர்ந்த பெல்ட்டும் அடுத்த காரணங்கள். முதலில் மூடியை மாற்றச் சொல்லுங்கள். இந்தக் காருக்கு அதைவிட மலிவான வைத்தியம் இல்லை. கொதித்து நிற்கும் காரின் மூடியை ஆறுமுன் திறக்கவோ, பக்கத்துப் பீலியில் பிடித்த குளிர்ந்த தண்ணீரை அவசரப்பட்டு ஊற்றவோ விடாதீர்கள். முன்னதால் முகம் வெந்துபோகும், பின்னதால் என்ஜின் வெடிப்புக் காணும்.

ஸ்குரூ டிரைவரால் தட்டியது மந்திரமும் அல்ல, மழுப்பலும் அல்ல. அவர் தட்டியது பெரும்பாலும் எஸ்.யூ. பெட்ரோல் பம்பாக இருக்க வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் அந்தப் பம்பு, சாவியைத் திருப்பியதும் ‘டக் டக்’ என்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். அதற்குள் மின்சாரத்தைத் தொடுத்து விடும் சிறிய பொயின்ற் இரண்டும் கரிபிடித்து ஒட்டாமல் நின்றால் அந்தச் சத்தம் வராது. ஒரு தட்டுத் தட்டினால் ஒட்டிக்கொண்டு மறுபடி அடிக்கும். தட்டத் தெரிந்தவருக்கு அந்தப் பொயின்றைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் தட்டிக்கொண்டே காலத்தை ஓட்டுவதுதான் உங்கள் கணவரிடம் நான் காணும் குறை.

அவர் ஏன் அதை விட மறுக்கிறார் என்பது உங்களுக்கு விளங்காமல் இல்லை, அது தகப்பனாரின் கார். அதற்கு மேலும் ஒன்று உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட இந்தக் காரில், ஒரு சாதாரண மனிதன் நான்கைந்து ஸ்பானர்களோடு தானே கழற்றி, தானே பார்த்து, தானே பூட்ட முடியாதது மிகக் குறைவு. இன்றைய கார் நின்றால் கம்பியூட்டரைப் பொருத்திப் பார்க்கும்வரை கைகட்டி நிற்க வேண்டும். மைனர் நின்றால் பொனட்டைத் திறந்ததும் மரக்கறி லொறிக்காரரும் முச்சக்கர வண்டிக்காரரும் வந்து குனிந்து, ஆளுக்கொரு காரணம் சொல்லி, கடைசியில் எல்லோருமாகத் தள்ளிவிடுவார்கள். மூடுபனியில் நனைந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் காய்ந்த துணியால் துடைத்துப் பூட்டி, சோக்கை இழுத்து, ஹாண்டில் போட்டுச் சுற்றியதும் என்ஜின் பிடித்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் ஒரு மனிதனுக்குக் கிடைக்கும் திருப்தி சிறியதன்று. (ஹாண்டில் சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், திருப்பி அடித்தால் எலும்பு முறியும்.) உதிரிப்பாகத்துக்கும் பஞ்சமில்லை. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் இன்றும் கிடைக்கின்றன. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து நிறுவனம் ஒன்று மைனருக்கான பாகங்களை நம் நாட்டிலேயே செய்வித்த வரலாறும் உண்டு.

ஆகவே இப்போது விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. பாசம் அதற்கு முதற்காரணம் அல்ல. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய காரின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மைனரை விற்ற பணத்தில் நீங்கள் வாங்கக்கூடியது, பிறர் அடித்து ஓட்டிச் சலித்த, நோய் இன்னதென்று தெரியாத இன்னொரு பழைய வண்டியாகவே இருக்கும். இந்த வண்டியின் நோயாவது வீட்டுக்குத் தெரியும். பின்னர் விற்பதாக இருந்தாலும், பிரேக் பிடிக்காத மைனருக்கும் ஒழுங்காக ஓடும் மைனருக்கும் கிடைக்கும் விலை ஒன்றல்ல.

ஆனால் அதன் வேலையை மாற்ற வேண்டும். வீட்டிலுள்ளோர் எல்லோரையும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை அந்தக் காரின் தலையில் கட்டியதால்தான் உங்கள் வீட்டில் சண்டை. கிளினிக், பரீட்சை, இரவுப் பயணம் எதற்கும் அதை எடுக்கக் கூடாது. கோயிலுக்கும், நுவரெலியாச் சந்தைக்கும், ஏப்ரல் சீசனில் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டவும் போகட்டும். வழியில் நின்றால் யாருக்கும் நட்டமில்லை. செலவை அவர் மறைப்பது, கேட்டால் சண்டை வரும் என்ற பயத்தினாலாக இருக்கலாம். மாதம் இவ்வளவு என்று இருவரும் பேசி ஒரு தொகையை ஒதுக்கி, வாங்கிய ஒவ்வொரு பாகத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கொப்பி உங்களிடம் இருக்கட்டும். அந்தத் தொகைக்குள் அவர் எதை வாங்கினாலும் கேள்வி கேட்காதீர்கள். முதல் மாதங்களின் பணம் முழுவதும் பிரேக்குக்கும் டிரனியனுக்கும்தான் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பொனட்டைத் திறக்குமுன் காலடி விரிப்பைத் தூக்கச் சொல்லி, அந்த எண்ணெய் என்ன நிறத்தில் இருக்கிறது என்று நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். கறுத்திருந்தால் அன்றோடு கார் கராஜுக்குப் போகட்டும். மாமியாரின் அடுத்த கிளினிக் திகதிக்கு இப்போதே ஒரு வேனைச் சொல்லிவையுங்கள்.